சலாட்டுக்கு ஏர்கோன்

காப்பார் சாலையை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீடுகளில் ஒன்றில் சீதாலெட்சுமி குடியிருந்தாள். கருக்கலில் எழுந்து சமையலறை விளக்கைப் போடுவாள். முட்டை, டுனா, சார்டின் என்று மூன்று வகை சாண்ட்விச். பெட்டிகளில் அடுக்கி, இரண்டு கையிலும் பை தொங்க, கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரியின் கேண்டீனில் கொண்டுபோய் இறக்குவாள். கேண்டீன் நடத்திய பக்கிரிசாமி ஆரம்பத்திலேயே ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார்.

"ரொட்டிக்கு வெளிய பச்சையா இலை எட்டிப் பாக்கணும் அக்கா. இல்லேன்னா புள்ளைங்க தொட மாட்டாங்க."

அதனால் மேரு பாசார் சந்தையிலிருந்து வாரம் தவறாமல் பை பையாகச் சலாட் கீரை வந்தது. அடியில் ஒரே வெட்டு. இலைகள் உதிர்ந்து தண்ணீரில் விழும்; மிஞ்சிய அடித்தூர் குப்பைக்கூடைக்குப் போகும். அந்த அடித்தூரைப் பற்றி யோசிக்கவும் ஒரு ஆள் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அந்த ஆள் அவள் கணவர் ராதாகிருஷ்ணன்தான்.

கல்யாணமான நாள் முதல் அவர் லோரி ஓட்டினார். சாயங்காலம் கேமரன் மலையில் காய்கறி ஏற்றி, இரவோடு இரவாக வளைவுப் பாதையில் இறங்கி, விடிவதற்குள் கோலாலம்பூர் மொத்தச் சந்தையில் சேர்த்துவிடுவார். பகலெல்லாம் தூக்கம். அவர் எழும்போது இவள் வேலையாக இருப்பாள். இவள் படுக்கும்போது அவர் மலையில் இருப்பார். அப்படியே மகள் தாமரை வளர்ந்து, படித்து, ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே வீடு எடுத்துத் தங்கிவிட்டாள். பிறகு சர்க்கரை அவர் கண்ணில் இறங்கியது. கனரக வண்டி லைசென்ஸைப் புதுப்பிக்க மருத்துவப் பரிசோதனைக்குப் போனவர் தேறவில்லை. ஒரே நாளில் எல்லாம் நின்றது. ஹாலில் ஒரு பிரம்பு நாற்காலியும் கையில் ஒரு போனுமாக உட்கார்ந்துவிட்டார்.

வேலை போன மனிதரை ஒன்றும் சொல்லக்கூடாது என்று சீதாலெட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டாள். அவருக்கோ சொல்ல நிறைய இருந்தது. அவள் பெட்டி அடுக்கும்போது பின்னால் வந்து நிற்பார்.

"அடுக்குறது சரியில்ல சீதா. பிரேக் போட்டா ஒரு பக்கமா சாயும்லா."

"இது கொமுட்டருங்க. லோரி இல்ல."

"எந்த வண்டியா இருந்தாலும் பாரம் பாரம்தான்."

அவள் மறுபடி பிரித்து அடுக்க மாட்டாள். ஆனால் ரயிலில் பெட்டி சாய்ந்துவிடுமோ என்று கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு போவாள். அதுவே அவளுக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் அவள் குப்பைக்கூடையில் போட்ட அடித்தூரை அவர் எடுத்து, குழாயில் கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது இன்னும் சாகல."

"எது?"

"நடுவுல பாரு. குருத்து இருக்கு. தண்ணியில வச்சா திரும்ப வரும்னு போன்ல ஒரு ஆளு போட்டிருக்கான்."

சரி, பொழுது போகட்டும் என்று அவள் ஒரு கண்ணாடிக் குவளையை எடுத்துக் கொடுத்தாள். அந்தக் குவளையைக் கொடுத்திருக்கவே கூடாது என்று பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அந்தத் தூரின் நடுவிலிருந்து நகத்தின் அளவில் ஒரு இலை வந்தது. ராதாகிருஷ்ணன் அதைப் படம் பிடித்து ரவாங்குக்கு அனுப்பினார். தாமரை கைதட்டுகிற பொம்மைப் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினாள். அவ்வளவுதான். அடுத்த முறை பாசார் போய்வந்தபோது ஒரு அடித்தூர்கூடக் குப்பைக்குப் போகவில்லை. ஜன்னல் விளிம்பில் இடம் தீர்ந்தது. குளிர்பதனப் பெட்டியின் தலையில் வைத்தார். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தார். தண்ணீர் குடிக்கக் குவளை தேடினால் எல்லாவற்றிலும் சலாட் உட்கார்ந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போனவள், சாமி முன்னால் இருந்த பித்தளைச் செம்பிலும் ஒன்று இருப்பதைக் கண்டாள்.

"என்னங்க இது, அநியாயமா இருக்கு! கலசச் செம்பு!"

"வாய் அகலமா இருந்துச்சு. நல்லா நிக்குது."

"சாமிக்கு வச்சதுங்க!"

"சாமி ஒண்ணும் சொல்லலியே."

தூர்கள் இரண்டு மூன்று இலை விடும். பிறகு அடி கொழகொழவென்று அழுகி, வீடெல்லாம் குளத்துத் தண்ணீர் வாடை அடிக்கும். அவர் மூக்குக்கு அது எட்டவில்லை. எட்டு மணிக்கு ஒருமுறை, பத்து மணிக்கு ஒருமுறை என்று குவளை குவளையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண் மங்கியவர் என்பதால் மிக நெருங்கிப் பார்ப்பார். இலை மூக்கில் உரசும்.

அந்தச் சமயத்தில் தெருவில் ஒருவருக்கு டிங்கி காய்ச்சல் கண்டது. சுகாதார அதிகாரிகள் வீடு வீடாக வந்தார்கள். சிரித்த முகமாக ஒரு மலாய்க்காரப் பெண் உள்ளே வந்து, கைவிளக்கை அடித்துக் குவளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் சுத்தமாக இருந்தன. தினமும் தண்ணீர் மாற்றுகிறவர்தான் அவர். ஆனால் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் அவரே மறந்துபோன ஒரு ஐஸ்கிரீம் டப்பா இருந்தது. அதில் தூர் கறுத்துப்போய், சுற்றிலும் கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது.

"அங்கிள், இனி ரூமா ஜென்தெக் கா?" என்றாள் அந்தப் பெண், சிரிப்பு மாறாமல். இது கொசுப்புழுவுக்கு வீடா என்று கேட்டாள். எச்சரிக்கையோடு விட்டுவிட்டுப் போனார்கள். ஆனால் வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அக்கம்பக்கத்தார் எதையும் விடவில்லை. பக்கத்து வீட்டுக் கமலநாதன், தாமான் சங்கத்தின் செயலாளர், அன்று சாயங்காலமே அதன் வாட்ஸ்அப் குழுவில் பொதுவாக ஒரு செய்தி போட்டார்: தண்ணீர் தேங்க விடாதீர்கள். யாருக்கென்று எல்லாருக்கும் தெரிந்தது.

சீதாலெட்சுமி ஒரு கறுப்புப் பையை விரித்து, குவளைகளைக் கவிழ்க்க ஆரம்பித்தாள். அவர் தடுக்கவில்லை. பின்னாலேயே நின்று, "அந்த ஓரத்துல உள்ளது நல்லா இருக்கு சீதா, அத மட்டும்..." என்றார். அதுவும் பையில் விழுந்தது.

தண்ணீர்தான் தப்பு, மண்ணில் வைத்தால் சரியாகும் என்று அவர் அடுத்த நாளே முடிவு செய்தார். பாசாரில் மீன்காரர்கள் தூக்கிப்போடும் வெள்ளைப் பொலிஸ்டைரின் பெட்டிகளை வாங்கி வந்து கார் நிறுத்துமிடத்தில் வரிசையாக அடுக்கினார். வீடு மீன் வாடைக்கு மாறியது. கார் தெருவில் நின்றது. அதன் மேல் காக்கைகள் எச்சமிட்டன. சலாட்டை இராத்திரியில் நத்தைகள் தின்றன. நத்தைகளுக்கு உப்புப் போட்டால் உப்பு மண்ணில் இறங்கிச் செடி செத்தது. மிஞ்சியவை மத்தியானமானால் நனைந்த துணி போலத் துவண்டு கிடக்கும். சிமெண்டுத் தரையிலிருந்து எழும் சூட்டில் மனிதனே நிற்க முடியாது. அவர் ஒரு பெரிய கறுப்புக் குடையைக் கம்பத்தில் கட்டினார். முதல் மழைக்காற்றில் அது பறந்து கமலநாதன் வீட்டுக் கூரையில் போய் உட்கார்ந்தது. எடுக்கப் போனவள் சீதாலெட்சுமி. இவருக்கு ஏணி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அண்ணே ரொம்ப பிஸி போல இருக்கு அக்கா," என்றார் கமலநாதன் ஏணியைப் பிடித்துக்கொண்டு.

"ஆமா. எனக்கு வேல வைக்கிறதுல," என்றாள் அவள் மேலிருந்தே.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒரு திங்கட்கிழமை நடந்தது.

அன்று கேண்டீனில் பெட்டிகளை இறக்கிவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் பூவும் கொஞ்சம் மளிகையும் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தாள். பக்கிரிசாமி போன் செய்தார்.

"அக்கா, இன்னிக்கு என்ன இலை வச்சீங்க?"

"ஏன், சலாட்தான்."

"சலாட்டா, வேப்பிலையா? புள்ளைங்க பாதியக் கடிச்சிட்டு அப்படியே வச்சிட்டுப் போறாங்க. ஒரு பொண்ணு வந்து, அங்கிள் இது கெட்டுப் போச்சான்னு கேக்குது. நான் தின்னு பாத்தேன். நாக்கே சுருண்டு போச்சு."

அவள் திரும்ப நடந்தாள். மிச்சப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினாள். ஒரு சாண்ட்விச்சைப் பிரித்து இலையை மட்டும் இழுத்துப் பார்த்தாள். பாசார் இலை அகலமாக, வெளுத்த பச்சையாக இருக்கும். இது நீளமாக, தடித்த நரம்போடு இருந்தது. காம்பில் ஒடித்த இடத்தில் பால் உலர்ந்திருந்தது. யார் வேலை என்று தெரிந்தது. விடியற்காலை அவள் குளிக்கப் போன நேரத்தில், கழுவி வைத்திருந்த கிண்ணத்தில் தன் தோட்டத்து இலைகளைக் கலந்துவிட்டிருக்கிறார்.

வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தாள்.

"நீங்களா வச்சீங்க?"

அவர் மறுக்கவில்லை. "மருந்தடிக்காத இலை சீதா. நம்ம வீட்டுது. பாசார்ல வாங்குறதவிட நல்லது."

"தின்னு பாத்தீங்களா?"

"கொஞ்சம் கசக்கும்."

"கொஞ்சமா?"

"கசப்பு ஒடம்புக்கு நல்லது தானே."

பெட்டிகளை மேசையில் போட்டாள். வாயிலிருந்து வந்ததை அவளால் நிறுத்த முடியவில்லை.

"உங்க லோரி நின்னு போச்சுங்கிறதுக்காக என் பொழப்பையும் நிறுத்தணுமா? ஓட்ட முடியலேன்னா சும்மா உக்காந்திருங்க! உங்களால ஒரு உபகாரமும் வேணாம், உபத்திரவம் இல்லாம இருந்தா போதும்!"

பெட்டிகள் சாய்ந்து கிடந்தன. ராதாகிருஷ்ணன் அவற்றை நிமிர்த்தி வைத்தார். பிறகு தாமரையின் பழைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. சாப்பாட்டுக்கு வருவார், தட்டைக் கழுவி வைப்பார், மறுபடி எழுந்து போய்விடுவார். கார் நிறுத்துமிடத்துப் பெட்டிகளை அவரே எங்கேயோ அப்புறப்படுத்திவிட்டார். கார் தன் இடத்துக்கு வந்தது. குவளைகளெல்லாம் காலியாக இருந்தன. சீதாலெட்சுமி கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஏர்கோன் உறுமிக்கொண்டே இருந்ததுதான் அவளை அரித்தது. ஏர்கோன் குளிர்காற்று என்றால் அவருக்கு ஆகாது. அது தாமரை பரீட்சைக்குப் படித்த காலத்தில் மாட்டியது. அவள் போன பிறகு அதன் மேல் துணி போட்டு மூடி வைத்தவர் அவர். இவள் வேர்க்குருவில் அவதிப்பட்ட சித்திரை மாதத்தில்கூட, "ஃபேன் போதும்லா," என்று சொன்னவர். அப்படிப்பட்ட மனிதர் பட்டப்பகலில் ஏர்கோனைப் போட்டுக்கொண்டு இருட்டில் படுத்துக் கிடக்கிறார் என்றால்?

அவள் தாமரைக்குப் போன் செய்தாள்.

"அப்பா கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே கெடக்காருடி."

"நீங்க என்னம்மா சொன்னீங்க?"

"நான் என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லல." சற்று நிறுத்தி, சொன்னதைச் சொன்னாள்.

"லோரியப் பத்திப் பேசியிருக்கக் கூடாதும்மா."

"எனக்குத் தெரியாதா? நீ வேற!"

"போய்ப் பேசுங்க."

"அவரு வந்து பேசட்டும். வேப்பிலைய வச்சது அவரு."

இருந்தாலும் அன்று மத்தியானம் பார்லி காய்ச்சினாள். ஒரு குவளையில் ஊற்றிக்கொண்டு கதவைத் தட்டினாள். பதில் இல்லை. இன்னொரு முறை தட்டினாள். கைப்பிடியைத் திருப்பித் தள்ளினாள்.

குளிர் முகத்தில் அறைந்தது. கட்டிலில் ராதாகிருஷ்ணன் இல்லை. கட்டிலில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு இருந்தது, அதன் மேல் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை மீன் பெட்டிகள், அவற்றில் சலாட். தாமரையின் படிப்பு விளக்கு அவற்றின் மேல் குனிந்து எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலில் கெட்டித் திரை. ஏர்கோன் அவற்றுக்காக உறுமிக்கொண்டிருந்தது.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"கதவச் சாத்து, குளிர் போயிடும்."

அத்தனை நாளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது. திரும்பிப் பார்த்தாள். பின்கட்டில், அவள் கண்ணில் படாத ஒரு மூலையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர் சத்தம் கேட்டு எழுந்து வந்திருக்கிறார். பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. கழுத்திலிருந்து வேர்வை ஓடியது. கையில் ஒரு விசிறி அட்டை.

சீதாலெட்சுமி அவரையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க வெளிய... அது உள்ளயா?"

"எனக்குப் பரவால்ல. அதுக்குச் சூடு ஆகாது."

"எனக்கு வேர்க்குருன்னு கெஞ்சினப்ப ஏர்கோன் வேணாம்னீங்க! கட்டின பொண்டாட்டிக்கு ஃபேனு, கீரைக்கு ஏர்கோனா?"

"நீ தாங்குவ. அது தாங்காது சீதா."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை மேலும் கடுப்பாக்கியது. பார்லித் தண்ணீரை அவர் கையில் திணித்தாள். அவர் நின்றபடியே குடித்துவிட்டு, உள்ளே போய் விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினார். பிறகு, முதுகைக் காட்டியபடி சொன்னார்.

"மலையில ரிங்லெட் ஊரு தாண்டினா ஒரு குளிர் வரும். கண்ணாடிய எறக்கி வச்சா போதும், தூக்கமே வராது. அங்க இது காடு மாதிரி நிக்கும்னு சொல்லுவாங்க. நான் பாத்ததில்ல. நான் போகும்போது இருட்டிப் போயிருக்கும். எல்லாத்தையும் அறுத்துப் பெட்டியில போட்டு வச்சிருப்பாங்க. ஏத்துவேன், எறக்குவேன். எத்தன வருஷம் இழுத்திருக்கேன். ஒண்ணு வளர்றத ஒரு தடவகூடப் பாத்ததில்ல."

சீதாலெட்சுமி ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று பெட்டிகளைப் பார்த்தாள். அவை வளர்ந்திருந்தன என்றும் சொல்ல முடியாது. விளக்கை எட்டிப் பிடிக்கப் போவது போல நீண்டு, நூல் நூலாக, வெளுத்துப்போய் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

"நோஞ்சானா இருக்கு," என்றாள்.

"வெளிச்சம் பத்தல."

"பின்ன என்னத்துக்கு இந்தக் கூத்து?"

"குளிர் இருந்தா வெளிச்சம் இல்ல, வெளிச்சம் இருந்தா குளிர் இல்ல. என்ன செய்யச் சொல்ற?"

அவரும் எரிச்சலில்தான் இருக்கிறார், அதுவும் அவள் மேல் அல்ல, இந்தச் செடியின் மேல் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் இரண்டு பெட்டிகளைத் தூக்கித் தரையில் வைத்தாள்.

"என்ன பண்ற?"

"ஏர்கோன் ஓடுறது ஓடுது. நானாவது படுத்துக்கிறேன். தள்ளுங்க."

கட்டிலின் பாதியில் அவள் படுத்தாள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு பெட்டிகளை இறக்கி, மறுபாதியில் உட்கார்ந்தார். பிறகு அவரும் சாய்ந்தார். மண் வாடையும் மீன் வாடையும் அடித்த அந்தக் குளிரில் இருவரும் சாயங்காலம் வரை தூங்கினார்கள். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. எழுந்தபோது, "இத நிறுத்திடுவோம்," என்று அவரே ஏர்கோனை அணைத்தார்.

அந்த வாரம் பாசாரில் வழக்கமான சலாட் வரவில்லை. மலையில் மண்சரிவு என்றார்கள். கடைக்காரர் தண்ணீரில் வளர்த்த சலாட்டைக் கொடுத்தார். அதில் வேர் அப்படியே இருந்தது, ஒரு சின்னப் பஞ்சுத் துண்டைப் பற்றிக்கொண்டு. மறுநாள் கல்லூரியில் ஏதோ விழா. பக்கிரிசாமி வழக்கத்தைவிட அதிகம் கேட்டிருந்தார். கசப்பு விவகாரத்துக்குப் பிறகு அவர் மறுபடி நம்பிக் கேட்டதே பெரிது. விடிவதற்குள் முடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில் சீதாலெட்சுமி கத்தியைத் தேடவில்லை. வெளி இலைகளை மட்டும் கையால் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். நடுவில் இருந்த பிஞ்சு இலைகள் சாண்ட்விச்சுக்கு உதவாது என்று அப்படியே விட்டு, வேரோடு மிஞ்சிய செடிகளைப் பாத்திரம் கழுவும் தொட்டியோரம் தள்ளினாள். ராதாகிருஷ்ணன் பழக்க தோஷத்தில் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு போனார். அவள் பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள்.

இம்முறை அவர் பின்பக்கச் சந்தில், தண்ணீர்த் தொட்டி மேடைக்கு அடியில் பெட்டிகளை வைத்தார். அங்கே காலை வெயில் கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்கும், பிறகு நாளெல்லாம் நிழல். தொட்டியிலிருந்து கசியும் ஈரத்தில் தரை சில்லென்று இருக்கும். நத்தை ஏறாமல் இருக்க மேடைக் கால்களைச் சுற்றி முட்டை ஓடு நொறுக்கிப் போட்டார். அவளிடம் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஒரு காலையில் துணி காயப்போடப் போனவள் நின்றாள். மேடைக்கு அடியில் சலாட் நின்றது. நோஞ்சான் இல்லை. பாசாரில் வாங்குவது போல இல்லாவிட்டாலும், சுருள் சுருளாக, கையகலத்தில், நெருக்கமாக. அவர் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"இது எப்படி வந்துச்சு?"

"நீ வெட்டல. அதான்."

"என்னது?"

"இத்தன நாளா நீ அடியோட அறுத்துக் குடுத்த. குருத்தும் பாதி சேந்து போயிடும். வேர் இல்ல, மிஞ்சினது துளிக் குருத்து, நல்லா எப்படி வரும்? அன்னிக்கு நீ சுத்தி உள்ளத மட்டும் கிள்ளின. நடுவுல விட்டுட்ட. அது வந்துடுச்சு."

சீதாலெட்சுமி ஈரத்துணியை வாளியில் போட்டாள். "அப்ப இவ்வளவு கூத்துக்கும் நான்தான் காரணமா?"

"நான் அப்படிச் சொல்லலியே."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, மேலாக வெட்டுன்னு?"

"கத்தி உன் கையில இருந்துச்சு," என்றார் ராதாகிருஷ்ணன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததைக் காட்டக்கூடாது என்று குனிந்து ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டாள். மொறுமொறுவென்று இருந்தது. கசப்பு இல்லை.

"பரவால்ல," என்றாள். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும், "ஆனா நான் தின்னு பாக்காம ஒரு இலைகூட ரொட்டிக்குள்ள போகக்கூடாது, சொல்லிட்டேன்," என்று சேர்த்துக்கொண்டாள்.

அப்படித்தான் நடந்தது. ஒரு செடியில் இரண்டு முறை நல்ல இலை கிள்ளலாம் என்று கண்டுகொண்டார்கள். அதற்கு மேல் ஆசைப்பட்டால் நடுத்தண்டு விறுவிறுவென்று உயரும், கிள்ளினால் பால் வரும், கசக்கும். அந்தப் பால் கண்டதும் அவர் இரக்கமில்லாமல் பிடுங்கிவிடுவார். கேண்டீனுக்குத் தேவையானதில் ஒரு மூலைக்குக்கூட அவர் விளைச்சல் போதாது. பாசார் போவது நிற்கவில்லை. என்றாலும், சில நாட்களில் முட்டை சாண்ட்விச்சுக்கு வெளியே எட்டிப் பார்த்தது அவர் இலைதான். பக்கிரிசாமிக்கு அவள் அதைச் சொல்லவில்லை.

இதோடு முடிந்திருந்தால் சீதாலெட்சுமி நிம்மதியாக இருந்திருப்பாள். முடியவில்லை. குப்பை போடப் பின்சந்துக்கு வந்த கமலநாதன் சலாட்டைப் பார்த்துவிட்டார். அசந்துபோய்க் கூப்பிட்டு எல்லாருக்கும் காட்டினார். தண்ணீர் தேங்க விடாதீர்கள் என்று எழுதிய அதே குழுவில், நம் ராதாகிருஷ்ணன் அண்ணனிடம் கேளுங்கள் என்று எழுதினார். அதன்பிறகு சந்துப் பக்கம் ஆள் நடமாட்டம் ஓயவில்லை. ஒருவர் வாடிய கன்றோடு வருவார். ஒருவர் நத்தையை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து இதுதானா என்று கேட்பார். ஒரு சீன ஆன்டி, தன் பங்குக்கு, வெங்காயத் தாளின் அடியை நட்டுக் காட்டிவிட்டுப் போனாள்; இப்போது அதற்கும் ஒரு பெட்டி. வாழ்நாளெல்லாம் லோரியில் தனியாக உட்கார்ந்திருந்த மனிதர், குந்திக்கொண்டு, நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தாமரை போன் செய்தாள்.

"அப்பா எப்படி இருக்காரும்மா? பேசுறாரா?"

"பேசுறாராவா! இந்தா கேளு." போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். சந்திலிருந்து, 'அடியோட அறுக்கக்கூடாதுலா, குருத்த விடணும்' என்ற குரலும், நாலைந்து பேர் 'ஓ' போடுவதும் கேட்டன.

"நல்லாத்தானே இருக்காரு," என்றாள் தாமரை சிரித்துக்கொண்டு.

"அவருக்கென்ன! வர்றவங்களுக்கெல்லாம் டீ போட்டு எனக்குக் கை ஒடியுது. வைடி போன, இன்னும் ரெண்டு பேரு வந்துட்டாங்க."

ஜன்னல் வழியே எட்டி, "உள்ள வந்து உக்காருங்க அண்ணே, வெயில்ல நிக்காதீங்க!" என்று கத்திவிட்டு, அடுப்பில் இன்னொரு பாத்திரம் தண்ணீரை ஏற்றினாள்.